யசிந்தா அக்காவின் மாக்கும் மாதாவின் கொடியும்

யசிந்தா அக்காவின் கழுத்தில் ஒரே கயிற்றில் இரண்டு பொருட்கள் தொங்கும். ஒன்று கார்மேல் மாதாவின் உத்தரியம், மாதா படம் தைத்த ஒரு சிறு துணித்துண்டு. மற்றது சுண்டுவிரல் நீளத்தில் பச்சை நிறமான ஒரு யு.எஸ்.பி. குச்சி. பூத்தையல் மிசினுக்குப் படம் வரையும் மென்பொருளை அவர் வாங்கியபோது அதனோடு வந்தது. கணினியில் அதைக் குத்தினால்தான் மென்பொருள் திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். ஆகவே வீட்டில் அதற்குப் பெயர் 'திறப்பு'. தொலைத்தால் இன்னொன்று கிடைக்காது என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். பல தடவை இடம்பெயர்ந்த குடும்பம். பெறுமதியான பொருள் உடம்பில் இருக்கவேண்டும் என்பதை அக்காவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"நான் கட்டின தாலியைப் பாங்கிலை வைச்சிட்டு வந்தவ மச்சான் இவ," என்பார் அவருடைய கணவர் எமில்ராஜ் என்னிடம். "திறப்பை மட்டும் குளிக்கேக்கையும் கழட்டமாட்டா."

"பொய். குளிக்கேக்கை கழட்டி மாதாவுக்கு முன்னாலை வைக்கிறனான்."

"பாத்தியே, மாதாவைக் காவலுக்கு விட்டிருக்கிறா."

அக்கா என் பெரியம்மாவின் மூத்த மகள். குருநகரில் பிறந்து, கலியாணம் முடித்துக் கொழும்புத்துறைக்கு வந்தவர். எமில்ராஜ் அத்தானுக்குக் கடலில் நண்டு வலை. அக்காவுக்கு முன்னறையில் தையல். கன்னியர் மடத்தில் கைத்தையல் பழகினார். பிறகு கால் மிசினில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தார். இப்போது முன்னறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது பதினைந்து ஊசி கொண்ட பூத்தையல் மிசின். கோவிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையிலிருந்து கொடிகாமத்துக் கலியாண வீட்டுச் சேலை பிளவுஸ் வரை எல்லாம் அதில்தான் ஓடும். சாமியாரின் திருவுடையும் பொடியளின் கிரிக்கெட் ரீசேட்டும் சில நாட்களில் ஒரே கதிரையில் காயப்போட்டதுபோல் கிடக்கும்.

ஆனால் அக்காவின் பெயர் ஊரில் நிற்பது கொடியால். எங்கள் பங்குக் கோவிலில் செபமாலை மாதா திருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கும். அந்தக் கொடியை ஒவ்வொரு வருடமும் ஒரு குடும்பம் உபயமாகக் கொடுக்கும், தைப்பது அக்கா. நடுவில் மாதாவின் உருவம், சுற்றிவர ரோசாப்பூக்கள். ஒரு வருடம், நேரம் போதாமல், இணையத்தில் அகப்பட்ட ஒரு மாதா படத்தை எடுத்துத் தைத்துவிட்டார். கோவில் மூப்பர் யாகோப்பு அண்ணை கொடியை விரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உவ ஆர் பிள்ளை? எங்கடை பங்கிலை உவவைக் காணேல்லையே."

அன்றைக்குப் பிறகு அக்கா வேறு முகம் தைத்ததில்லை. கோவில் சுரூபத்தின் முன்னால் போய் நின்று, படம் எடுத்து, அந்த இடப்பக்கம் சற்றுச் சரிந்த தலையையும் எதையோ கேட்டுவிட்டுச் சிரிக்கப்போகிறவளின் உதட்டையும் நூலில் கொண்டுவர வருடக்கணக்கில் பாடுபட்டார். கன்னத்தில் நூல் எந்தத் திசையில் ஓடவேண்டும், மூக்கின் ஓரத்தில் எங்கே திரும்பவேண்டும் என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் கொஞ்சம் திருத்துவார். அந்த முகம் ஒரு கோப்பாக, பென் ட்ரைவில், பிரதிக்கு மேல் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு அந்தப் பழைய மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த எல்லா அமளிக்கும் காரணம் இதுதான்.

அக்காவின் கடைசித் தங்கை கிறிஸ்ரினா நோர்வேயில் இருக்கிறாள். போன வருடம் அவளுடைய மகனுக்கு இருதயத்தில் ஒப்பரேசன். பொடியன் சுகமாக எழும்பினால் அடுத்த திருவிழாக் கொடி தன்னுடையது, அக்கா கையால் தைத்தது, தானே வந்து பிடிப்பது என்று அவள் நேர்த்தி வைத்தாள். பொடியன் எழும்பினான். விமானச் சீட்டும் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து, ஒருநாள் நின்ற கறன்ற் திரும்ப வந்த வேகத்தில் அக்காவின் பழைய லப்ரொப் மணத்துப் புகைந்து அடங்கிவிட்டது.

கிறிஸ்ரினாவுக்குச் செய்தி போனது. சில வாரம் கழித்து ஒஸ்லோவிலிருந்து வந்த ஒருவரின் கையில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. உள்ளே புத்தம்புது மாக்புக். கூடவே வட்ஸ்அப்பில் ஒரு குரல்: "இனிக் கொடி முழுக்க என்ரை நேர்த்தி அக்கா. துணி, நூல், கொம்பியூட்டர் எல்லாம்."

நான் லீவில் அம்மாவிடம் வந்திருந்த நேரம் அது. எட்டாம் வகுப்பு வரை இங்கே தமிழில் படித்து, மிச்சத்தை ரொறன்ரோவில் ஆங்கிலத்தில் படித்தவன். ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் மாக் இருக்கிறது. குடும்பத்தில் அது ஒன்றே போதுமான தகைமை.

"தம்பி, வடிவாத்தான் இருக்கு," என்றார் அக்கா, மாக்கை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு. "ஆனா உதுக்குள்ளை என்ரை புறோகிராம் போகுதில்லை."

பிறர் பொருளைத் தொட்டு அது பழுதானால் என்ன செய்வது என்ற பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இது இரண்டு பேரின் பொருள்; அதில் ஒரு நேர்த்தி வேறு. ஆனாலும் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"அக்கா, மாக்குக்குள்ளை விண்டோஸை ஓடவைக்கலாம். அதுக்கெண்டு மென்பொருள் இருக்கு. மாக் மாக்காவே இருக்கும். அதுக்குள்ளை ஒரு ஜன்னலிலை விண்டோஸ் தனியா இருக்கும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஒரு வளவுக்குள்ளை ரெண்டு அடுப்பு."

"ஓம். அப்பிடித்தான்."

"அப்ப சண்டை வரும்," என்றார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அத்தான். "ஆர் கூடத் தண்ணி அள்ளினது, ஆர் கூடக் கறன்ற் எரிச்சது எண்டு."

அது விளையாட்டாகச் சொன்னது என்றாலும் உண்மை. உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு மாக்கின் நினைவகத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கத்தான் வேண்டும். அதை நான் சொன்னதும் அத்தான், தான் ஏதோ சோதனையில் பாஸ் பண்ணியதுபோல் அக்காவைப் பார்த்தார்.

எந்த மென்பொருள் என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் குடும்பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் அதில் கிறிஸ்ரினாவும் இருக்கிறாள். அவள் அனுப்பிய கணினியில் அக்காவின் வேலை நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்பதில் அக்கா பிடிவாதம். "பிள்ளை ஆசுப்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சு உழைச்ச காசு. ஒரு சொல்லும் அவளின்ரை காதிலை விழக்கூடாது." ஆகவே கிறிஸ்ரினா இல்லாத ஒரு புதுக் குழுவைத் தொடங்கினேன். லண்டன் மச்சான் பரலல்ஸ் என்றார். காசு கொடுத்து வாங்குவது, ஆனால் வேலை சுகம். ரொறன்ரோவிலிருந்து என் தம்பி வி.எம்.வெயார் ஃபியூஷன் என்றான், இப்போது இலவசம். பாரிஸ் சித்தப்பா, எதற்கும் பொறுமையாக ஆலோசித்து முடிவெடுக்கும்படி எழுதி, கீழே ஒரு ரோசாப்பூப் படம் போட்டார். மாலைக்குள் லண்டனும் ரொறன்ரோவும் முறுகிக்கொண்டன. இரண்டு பேரும் அக்காவுக்குத் தனித்தனியே போன் எடுத்தார்கள்.

"தம்பி, நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது? ஒண்டைப் போட்டால் மற்றவருக்கு மனவருத்தம்."

"ரெண்டையும் போட்டுப் பாப்பம் அக்கா."

பரலல்ஸை முதலில் போட்டேன். சில நாட்களுக்கு இலவசமாகப் பார்க்கலாம் என்று இருந்தது. சொல்லிவைத்ததுபோல் எல்லாம் நடந்தது. அதுவே விண்டோஸை இறக்கி, அதுவே நிறுவி, மாக்கின் திரையில் நீல நிறத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அக்காவின் தையல் மென்பொருளும் உள்ளே போய் இருந்துகொண்டது. அக்கா கைதட்டினார். கயிற்றைத் தலைக்கு மேலால் கழற்றித் திறப்பைத் தந்தார். மாக்கின் சின்னத் துளையில் அது போகாது என்பதால் என்னிடம் இருந்த மாற்றியில் குத்தினேன். இதை மாக்குக்குக் கொடுப்பதா விண்டோஸுக்குக் கொடுப்பதா என்று கேட்டது. விண்டோஸுக்கு என்றேன்.

திறப்பைக் காணவில்லை என்று சொன்னது மென்பொருள்.

கழற்றிக் குத்தினேன். துடைத்துக் குத்தினேன். அக்கா சிலுவை போட்டுக் குத்தினார். காணவில்லை.

வீட்டுக்குப் போய் வாசித்தபோதுதான் விளங்கியது. இந்தப் புது மாக்கின் சிப் பழைய கணினிகளின் இன்ரெல் சிப் போன்றதல்ல. அதில் ஓடும் விண்டோஸும் வேறு வகை. பழைய மென்பொருட்களை அது எப்படியோ விளங்கிக்கொண்டு ஓட்டிவிடும். ஆனால் திறப்பை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் ஒரு சிறு துணை மென்பொருள் இருக்கிறதே, அது பழைய சிப்புக்கு எழுதியது. அதை இந்த விண்டோஸ் ஏற்காது. பரலல்ஸில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் லண்டன் மச்சானுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒருநாள் எடுத்தது. ரொறன்ரோத் தம்பி சந்தோசப்பட்டான். ஃபியூஷனைப் போட்டேன். அதே விண்டோஸ், அதே மென்பொருள், அதே இடத்தில் வந்து அதே பதில்.

"ஓட்டி வேறை, வள்ளம் ஒண்டுதானே மச்சான்," என்றார் அத்தான். அதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. யு.ரி.எம். அதுவும் இலவசம். ஆனால் அது செய்வது வேறு வேலை. மாக்கின் சிப்பை மறந்துவிட்டு, உள்ளே ஒரு முழுப் பழைய இன்ரெல் கணினி இருப்பதாக நடிக்கவும் அதற்குத் தெரியும். அதில் பழைய விண்டோஸைப் போடலாம், திறப்பின் பழைய துணை மென்பொருளைப் போடலாம். ஆனால் நடிப்புக்கு நேரம் எடுக்கும். மிகவும் மெதுவாக இருக்கும் என்று வாசித்த இடமெல்லாம் எழுதியிருந்தது. கொடியேற்றம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைத் தொடப் பயமாக இருந்தது. அக்காவிடம் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளிப்போட்டேன்.

அப்போதுதான் கிறிஸ்ரினா குடும்பக் குழுவில் குரல் அனுப்பினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் வீடியோ கோலில் வருவாளாம். கொடியின் படத்தை மாக்கில் பார்க்க வேண்டுமாம்.

"எல்லாம் வெல்லலாம்," என்றார் அத்தான். "பழைய லப்ரொப்பிலை இருக்கேக்கை திரையைப் படம் எடுத்து வைச்சிருக்கிறியெல்லோ, போன வருசக் கொடி? அதை மாக்கிலை திரை முழுக்க விரிச்சு விடு. தூரத்திலை இருந்து பாக்கிறவளுக்கு என்ன தெரியும்?"

அக்கா முகத்தைச் சுழித்தார். "பூசை முடிஞ்ச கையோடை பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"நீ ஒண்டும் சொல்லாதை. பேசாமல் இரு."

"பேசாமல் இருந்தால் அது பொய்யில்லைத்தானே, தம்பி?"

நான் ஏதோ தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் போனைப் பிடித்தார். அக்கா கோவிலுக்குக் கட்டிய சேலையோடு மாக்கின் முன் இருந்தார். திரையில் போன வருடத்து மாதா.

"ஐயோ, என்ன வடிவு!" என்றாள் கிறிஸ்ரினா. பின்னால் நின்ற என்னையும் கண்டுவிட்டாள். "அண்ணை, நீங்களும் நிக்கிறியளோ? அக்கா, அந்த மேல் ரோசாப்பூவைக் கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டு."

நான் இரண்டு விரலால் பெருப்பித்தேன். பூவும் பெருத்தது, மேலே இருந்த பொத்தான்களும் எழுத்துகளும் சேர்ந்து பெருத்தன.

"ஏன் எழுத்துமெல்லோ வளருது?"

"அது மாக்கிலை அப்பிடித்தான்," என்றார் அத்தான்.

"சரி, மாதாவின்ரை மேலங்கியை இன்னும் கொஞ்சம் கடும் நீலமாக்கு பாப்பம். நூல் நிறம் மாத்தலாம் எண்டு சொன்னனீயெல்லோ."

அக்கா சுட்டியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். மாதா அதே நீலத்தில் சிரிக்கப்போகிற முகத்தோடு இருந்தாள்.

"கிறிஸ்ரினா, இஞ்சை நெற்வேக் சரியில்லை. கட் ஆகப்போகுது போலை."

"இல்லையே அத்தான், நீங்கள் கதைக்கிறது வடிவாக் கேக்குது."

"உது படம், பிள்ளை," என்றார் அக்கா.

அத்தான் போனை இறக்கினார். அக்கா அவர் கையிலிருந்து அதை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"உது சும்மா படம். உன்ரை கொம்பியூட்டரிலை என்ரை புறோகிராம் வேலை செய்யேல்லை. தம்பி எவ்வளவோ தெண்டிச்சுப் பாத்திட்டான். உனக்குச் சொல்லாமல் எல்லாரும் சேந்து வேறை குறூப்பும் போட்டு..."

கிறிஸ்ரினா தன் போனைத் திருப்பினாள். திரையில் அவளுடைய முகம் போய்ச் சுவர் தெரிந்தது, பிறகு குசினி மேசை. மேசையில் ஒரு தடித்த கறுப்பு லப்ரொப். ஒரு மூலையில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளைக் காணவில்லை.

"வடிவாப் பார். நான் பாவிக்கிறது உது. விண்டோஸ்தான்."

அக்கா கண்ணைத் துடைத்தார். "அப்ப எனக்கு ஏன் மாக் வாங்கினனீ?"

"கடையிலை ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தது. உனக்கு நல்லதைத்தானே அனுப்பவேணும். விலை கூடினதைத் தூக்கினன்."

"விசரி."

"நீதான் விசரி. எனக்குப் போய்ப் படம் காட்டினனீ!"

இரண்டு பேரும் சிரித்தார்களா அழுதார்களா என்பதை நான் நின்று பார்க்கவில்லை, வெளியே வந்துவிட்டேன். என் சூட்கேசில் அம்மாவுக்குக் கொண்டுவந்த சப்பாத்து நினைவுக்கு வந்தது. என் காலுக்கென்று அவ்வளவு விலையில் ஒன்றை நான் வாங்கியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் எங்களில் யாரும் வீட்டுக்கு அனுப்பும் பொருளை, அது அங்கே எதற்கு உதவும் என்று கேட்டு வாங்குவதில்லை. கேட்டால் 'ஒண்டும் வேண்டாம்' என்பார்கள் என்று தெரியும்.

திரும்ப உள்ளே போனபோது கிறிஸ்ரினா சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் காசு போடுறன், ரவுணிலை ஒரு விண்டோஸ் வாங்கு. மாக் கிடக்கட்டும்."

"அதெப்பிடி? நேர்த்தி எண்டால் நேர்த்தி. துணியும் நூலும் கொம்பியூட்டரும் எண்டு உன்ரை வாயாலை சொன்னனீ. கொடி உதிலைதான் வரும்." அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, மூண்டாவது ஒண்டு இருக்கெண்டனீயெல்லோ?"

"அது சரியான மெதுவு அக்கா."

"வேலை செய்யுமோ?"

"செய்யும் எண்டுதான் நினைக்கிறன்."

"அப்ப போடு."

பழைய லப்ரொப்போடு வந்த விண்டோஸ் சீடி இறுவட்டு அலுமாரியில் இருந்தது. மாக்கில் இறுவட்டு போட இடமில்லை. ரவுணில் கணினிக் கடை வைத்திருக்கும் றஜிந்தன், முன்பு தையல் மென்பொருளை ஏற்றித் தந்ததுபோல், அதையும் பென்னில் ஏற்றித் தந்தான். யு.ரி.எம்.மில் இல்லாத ஒரு பழைய கணினியை இருப்பதாகச் சொல்லி, அதற்கு நினைவகம் இவ்வளவு, கொள்ளளவு இவ்வளவு என்று கொடுத்து, பழைய விண்டோஸை ஏற்றத் தொடங்கினேன். அது ஏறியது. நண்டு விற்றாயிற்று, சோறு வடித்தாயிற்று, பக்கத்து வீட்டு நல்லம்மா மாமி வந்து ஒரு பிளவுஸுக்கு அளவு கொடுத்துவிட்டும் போய்விட்டார். அது ஏறிக்கொண்டே இருந்தது.

"நோர்வேக் குளிரிலை இருந்து வந்ததெல்லோ," என்றார் அத்தான். "விறைப்பு விடவேணும்."

ஒருவழியாக விண்டோஸ் எழும்பியது. தையல் மென்பொருள் போனது. திறப்பின் துணை மென்பொருள் ஒரு முறைப்பாடும் இல்லாமல் போனது. அக்கா கயிற்றைக் கழற்றினார். இந்தத் தடவை என்னிடம் தரவில்லை, தானே குத்தினார். உத்தரியம் மாக்கின் வெள்ளித் தகட்டின் மேல் கிடந்தது. நான் அந்தத் திறப்பை உள்ளே இருந்த கணினிக்குக் கொடுத்தேன். சுட்டியின் முனையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மென்பொருள் திறந்தது.

பிறகு முகம். பென்னிலிருந்த கோப்பு மேலிருந்து கீழாக, நூல் நூலாகத் திரையில் வந்தது. முக்காட்டின் ஓரம், நெற்றி, சரிந்த தலை.

"வந்திட்டா," என்றார் அக்கா. அத்தான் வலையை வைத்துவிட்டு எழும்பி வந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை.

மெதுவு என்று வாசித்ததற்கும் மெதுவோடு சீவிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு பூவின் நிறத்தை மாற்றினால் படம் மறுபடி வரையப்படும்வரை காத்திருக்கவேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் எல்லாம் நின்றுவிட்டது என்றே தோன்றும். அக்கா பழகிக்கொண்டார். ஒன்றைச் சொடுக்கிவிட்டு எழும்பிப் போய் மீன் வெட்டினார். வந்து பார்த்து, அடுத்ததைச் சொடுக்கிவிட்டுப் போய் உடுப்புத் தோய்த்தார். முன்பு திரைக்கு முன்னால் இருந்தால் இருந்தபடிதான் என்றும், முதுகு வலிக்கு இது நல்லது என்றும் சொன்னார். ஒரு பொய்யும் சொல்லத் தெரியாத மனுசி என்பதால் நான் அதை நம்பினேன்.

கிறிஸ்ரினா மகனோடு வந்திறங்கியபோது ரோசாப்பூக்கள் தைத்து முடிந்திருந்தன. மிச்சம் முகம்தான். பயணக் களைப்போடு முன்னறைக்குள் வந்தவள், மாக்கைப் பார்த்து, அதில் ஓடிக்கொண்டிருந்த பழைய விண்டோஸைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு முக்காலியை அக்காவின் அருகே இழுத்துப்போட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் அங்கிருந்து அசையவில்லை. அக்கா கன்னத்தின் நூல் திசையை ஒரு இழை திருப்புவார். சக்கரம் சுற்றும். அந்த இடைவெளியில் இரண்டு பேரும் கதைப்பார்கள். ஒப்பரேசன் நடந்த நாள் எந்தக் கதிரையில் இருந்தாள், வைத்தியர் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார், பொடியன் கண் விழித்து முதல் என்ன கேட்டான் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. போனில் எத்தனையோ தடவை கதைத்திருக்கிறார்கள். ஆனால் போனில் எப்போதும் 'இப்ப சுகம்' என்பதோடு நின்றுவிடும்.

"முடிஞ்சுது போலை, பார்," என்பாள் கிறிஸ்ரினா, சக்கரம் நின்றதும்.

"பொறு. அவன் கண் முழிச்சு என்ன கேட்டவன்?"

"கோக் கேட்டவன்."

"கோக்கோ!" அக்கா சிரித்துவிட்டு அடுத்த இழையைத் திருப்புவார்.

முகம் முடிந்து, மிசினுக்குக் கொடுக்கும் கோப்பைப் பென்னில் எடுத்தேன். மாக்கிலிருந்து அதைக் கழற்றமுன் உள்ளே இருக்கும் விண்டோஸிடமும் வெளியே இருக்கும் மாக்கிடமும் தனித்தனியே உத்தரவு கேட்கவேண்டும். கேட்டேன். இரண்டும் தந்தன. மிசின் பிற்பகல் முழுக்க ஓடியது. ஒரு தடவை கறன்ற் நின்றது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கடைசி நூலைக் கத்திரித்த பிறகு அக்கா கொடியை மடித்து, கிறிஸ்ரினாவின் மடியில் வைத்தார்.

கொடியேற்றத்தன்று கொடி உபயகாரரின் வீட்டிலிருந்து ஊர்வலமாகப் போகவேண்டும். நோர்வேயிலிருந்து போக முடியாது என்பதால் எமில்ராஜ் அத்தானின் வீட்டுப் படலையிலிருந்து புறப்பட்டது. பாண்ட் வாத்தியம் முன்னே போக, தட்டில் கொடியை ஏந்தியபடி கிறிஸ்ரினா, பக்கத்தில் அவளுடைய மகன், பின்னால் நாங்கள். கோவில் முற்றத்தில் சாமியார் மந்திரித்ததும் யாகோப்பு அண்ணை கயிற்றை இழுத்தார். கொடி கட்டோடு மேலே போய், உச்சியில் அவிழ்ந்து, கடற்காற்றில் விரிந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். அக்கா மேலே பார்க்கவில்லை. யாகோப்பு அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாகோப்பு அண்ணை கண்ணுக்குக் கையைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பாட்டு முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த முறை மாதா ஒரு மாதிரிப் பாக்கிறா, யசிந்தா. கோவிலுக்குள்ளை பாக்கிறதைவிட நல்லாப் பாக்கிறா. என்ன செய்தனீ?"

"நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை. தங்கச்சி அனுப்பின கொம்பியூட்டரிலை தைச்சது."

கிறிஸ்ரினாவின் முகத்தை அந்த நேரம் பார்த்திருக்கவேண்டும். முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ரை நேர்த்தி அண்ணை, கொம்பியூட்டரும் சேத்துத்தான்," என்றாள்.

"நல்லது பிள்ளை." யாகோப்பு அண்ணை கயிற்றின் நுனியைக் கொடிமரத்தில் சுற்றிக் கட்டியபடி அக்காவைப் பார்த்தார். "வாற வருசம் உபயம் எங்கடை வீடு. தெரியுமெல்லோ? எனக்கும் அதே கொம்பியூட்டரிலைதான் போடவேணும். வேறை ஒண்டிலும் தொடாதை."

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தார்.

"போடுறன் அண்ணை. ஆனா வெள்ளென, முன்னமே சொல்லிப்போடுங்கோ, என்ன? அது கொஞ்சம் ஆற அமர, ஆறுதலாத்தான் வேலை செய்யும்."